நானூறு வயதுப் பல்

பல்செட்காரர் தன் வாழ்நாளில் யாரையும் பயமுறுத்தியதில்லை. அவருடைய தொழில் அதற்கு நேர் எதிரானது. வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவர்களைக் கொஞ்சம் சிரிக்கவைப்பது. பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில், ஒரே ஒரு ஜன்னல் வைத்த பட்டறையில், இருபத்திரண்டு வருடமாக மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஆட்களை அவர் பார்ப்பதில்லை. அவர்களுடைய வாய்கள் மட்டும் பிளாஸ்டர் மாவு அச்சாக, டப்பாவில் படுத்துக்கொண்டு வந்து சேரும். பேருந்தில் யாராவது கொட்டாவி விட்டால், ஆள் யாரென்று தெரியாது. பல் தன்னுடையது என்று தெரியும். அன்று முழுக்க அவருக்கு மனசு நிறைந்திருக்கும்.

அப்படிப்பட்டவர் செய்த ஒரு ஜோடிப் பல்லைப் பற்றி இப்போது ஆயிரத்து நானூறு பேர் கருத்துச் சொல்லியிருந்தார்கள்.

"இந்தப் பல்லை வைத்துக்கொண்டு வாழைப்பழத்தைக்கூடக் கடிக்க முடியாது."

"இவர் ரத்தம் குடிக்க வந்தாரா, கஞ்சி குடிக்க வந்தாரா?"

"பழைய கதையில் அவர் கதவைத் திறந்தாலே முதுகுத்தண்டு சில்லிடும். இதில் அவரைப் பார்த்தால் நாற்காலி எடுத்துப் போடத் தோன்றுகிறது."

"என் மாமனாரின் பல்செட் இதைவிட பயங்கரமாக இருக்கும்."

கடைசிக் கருத்தைப் பல்செட்காரர் இரண்டு முறை படித்தார். அந்த மாமனாரின் பல்செட்டும் ஒருவேளை தான் செய்ததாக இருக்குமோ என்ற சந்தேகம்தான் காரணம்.

ரத்தக் காட்டேரிப் பிரபுவின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலைமேல் கோட்டை, மூடிய பெட்டி, கண்ணாடியில் விழாத உருவம், உள்ளேயிருந்து ஒருவர் அழைத்தாலொழிய வாசலைத் தாண்ட முடியாத விதி. வாரம் ஒரு பகுதியாக இணையத்தில் வந்துகொண்டிருந்த இந்தப் புதிய தொடரில், பிரபு கோட்டையை விற்றுவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடிக்குக் குடிவருகிறார். லிஃப்ட் கண்ணாடியில் அவர் உருவம் தெரியாததால், காலி இடம் என்று நினைத்து எல்லோரும் அவர் காலை மிதிக்கிறார்கள். மூன்றாவது பகுதியில் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "உள்ளே வரலாமா?" என்று அத்தனை கம்பீரத்தோடு கேட்கிறார். அந்த வீட்டுக்காரம்மா, "இப்ப கை வேலையா இருக்கேன், நாளைக்கு வாங்களேன்" என்று கதவைச் சாத்திவிடுகிறாள். சாத்திய கதவைப் பார்த்துப் பிரபு மெல்லச் சிரிக்கிறார். திரை முழுக்க அந்தச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் வம்பே ஆரம்பித்தது.

கோரைப்பல் இரண்டும் நீளமாகத்தான் இருந்தன. ஆனால் முனை தேய்ந்து, மழுங்கி, பழுப்பேறி, காலமெல்லாம் முறுக்கு கடித்துக் களைத்த கிழவனின் பல் மாதிரி இருந்தன.

இதற்குக் காரணம் ஒரு சீட்டு. பட்டறைக்கு வரும் ஒவ்வொரு அச்சோடும் ஒரு வேலைச் சீட்டு வரவேண்டும். பெயர், வயது, நிறம், இவ்வளவும் அதில் இருக்கும். எந்தப் பக்கம் மெல்லுகிறார் என்பதை அச்சே அவருக்குச் சொல்லிவிடும். சீட்டு இல்லாமல் பல்செட்காரர் தன் சொந்த அப்பாவுக்கே பல் செய்யவில்லை. அந்தத் தொடரில் ஒப்பனைக்குத் தலைமையாக இருந்தது அவருடைய தங்கை. கடைகளில் கிடைக்கும் காட்டேரிப் பல் நடிகரின் ஈறைக் கிழிக்கிறது என்று அண்ணனிடம் வந்தாள். "சீட்டு எழுது" என்றார் அண்ணன். அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். பெயர்: பிரபு. வயது: 400.

அவள் விளையாட்டாகத்தான் எழுதினாள். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபது வயது வாயில் இருபது வயதுப் பல்லை வைப்பது அவர் தொழிலில் பெரிய குற்றம். அறுபதுக்கே இவ்வளவு தேயுமென்றால் நானூறுக்கு எவ்வளவு என்று இரண்டு நாள் யோசித்து, மனசார, ரசித்து ரசித்துத் தேய்த்தார். பல்லைப் போட்டுப் பார்த்த நடிகர், அவரைப் படக்குழுவில் எல்லோரும் பிரபு என்றே கூப்பிடுவார்கள், "முப்பது வருஷத்துல வலிக்காத பல்லு இப்பதான் போடறேன்" என்று நெகிழ்ந்துபோனார். அந்த நெகிழ்ச்சியில் யாரும் முனையைப் பார்க்கவில்லை. முதல் இரண்டு பகுதிகளில் இருட்டு காப்பாற்றியது.

"விடுங்க, நாலு பேரு நாலு விதமாப் பேசத்தான் செய்வாங்க" என்றாள் பல்செட்காரரின் மனைவி, மூன்றாவது நாளும் அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்திருப்பதைப் பார்த்து.

"நாலு பேரு இல்ல, ஆயிரத்து நானூறு பேரு."

"அதுல ஒருத்தராவது நம்ம வீட்டுக்கு வந்து கேட்டாங்களா? சோறு ஆறுது."

சோறு ஆறியது. அவர் ஆறவில்லை. மறுநாள் மதியம், மாவு அச்சு காய்வதற்காகக் காத்திருந்த அரை மணி நேரத்தில், 'நடுநிலையாளன்' என்ற பெயரில் கணக்கு ஒன்றைத் தொடங்கி அவரும் தன் கருத்தை எழுதினார். நடுநிலை என்றால் இரண்டு பத்தியில் முடிந்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். ஒன்பது பத்தி வந்தது. பல் ஏன் தேய்கிறது, எப்படித் தேய்கிறது, சாகாத ஒருவனுக்கும் பல் தேயாமல் இருக்க எந்த நியாயமும் இல்லை என்றெல்லாம் விளக்கிவிட்டு, கை நிற்காமல் இப்படி முடித்திருந்தார்:

"கவனித்துப் பார்ப்பவர்களுக்கு இடது கோரைப்பல் அரை மில்லிமீட்டர் குட்டை என்பது தெரியும். காரணம், அந்த நடிகர் இடப்பக்கம் மெல்லுபவர். இதை அந்தப் படக்குழுவில் யாரும் கேட்கவில்லை. சொல்லப்போனால், இன்றுவரை அவர்கள் யாருக்கும் இது தெரியவே தெரியாது. தொழில் தெரிந்தவன் கை தானாகச் செய்வது இது."

பத்து நிமிடத்தில் ஒரு பதில் வந்தது. "ஐயா நடுநிலையாளரே, அவர் எந்தப் பக்கம் மெல்லுவார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" சாயங்காலத்துக்குள் அந்தப் பதிலை அறுநூறு பேர் விரும்பியிருந்தார்கள்.

தங்கை மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பட்டறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணா, நடுநிலையாளன் யாரு?"

"யாரும்மா அது?"

"மூஞ்சிய அச்செடுத்த மாதிரி வெச்சுக்காத. மில்லிமீட்டர் கணக்குல கருத்துச் சொல்ற ஆளு இந்த உலகத்துல எத்தனை பேரு இருப்பாங்க?"

பல்செட்காரர் உரசும் மெஷினை உற்றுப் பார்த்தார். மெஷின் உதவிக்கு வரவில்லை. "தெரியாதவங்க பேசறாங்க. தெரிஞ்சவன் ஒருத்தன் பேசக் கூடாதா?"

"பேசலாம். பல்லைப் பத்திப் பேசிட்டுப் போயிருக்கலாம். கடைசியில எழுதினியே, யாரும் கேக்கலன்னு, யாருக்கும் தெரியாதுன்னு."

"அது உண்மைதானே."

"உண்மைதான். போன வாரம் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு இந்தப் பல்லு யாரோட முடிவுன்னு கேட்டாரு. நான்தான்னு சொல்லியிருக்கேன்."

மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தினார். நிறுத்திய பிறகு அறை இன்னும் மோசமாக இருந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்றது? எங்கண்ணன்கிட்ட குடுத்தேன், அவரு என்னமோ செஞ்சாரு, நான் பார்க்காம வாங்கிட்டேன்னா? பன்னெண்டு வருஷம் அடுத்தவங்களுக்கு பிரஷ் கழுவிட்டு இப்பதான் தலைமைன்னு போட்டிருக்காங்க." அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். "நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு. என்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு பேசணுமாம்."

"நானும் வர்றேன்."

"வேண்டாம்."

"சும்மா வந்து நிக்கறேன்."

"உனக்குச் சும்மா நிக்க வராதுண்ணா."

இருந்தாலும் போனார். இயக்குநரின் அறையில் ஒரு சுவர் முழுக்கப் பார்வையாளர் கருத்துகளை அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். நடுவில் 'நடுநிலையாளன்' ஒன்பது பத்தியோடு தொங்கிக்கொண்டிருந்தார். நான்கு பக்கம் பிடித்திருந்தது. இயக்குநர் நாற்பதைத் தாண்டாத, தூக்கம் போதாத மனிதர். கோபத்தில்கூடக் குரல் உயரவில்லை.

"பல்லு எனக்குப் பிரச்சினை இல்லைங்க" என்றார் இயக்குநர், தங்கையைப் பார்த்து. "பாதிப் பேருக்குப் பிடிக்கல, பாதிப் பேரு அதைப் பத்தித்தான் பேசிட்டிருக்காங்க. ஆனா நீங்க அதை ஒரு முடிவுன்னு சொன்னீங்க. நான் நம்பி நாலு பேட்டியில 'நாங்க ரொம்ப யோசிச்சு எடுத்த முடிவு'ன்னு பெருமையா சொல்லிட்டேன். இப்பப் பார்த்தா அது முடிவே இல்ல. தற்செயல்."

"தப்பு என்னோடதுங்க" என்று பல்செட்காரர் ஆரம்பித்தார். "சின்னப் பொண்ணு, அவளுக்கு..."

"எனக்கு முப்பத்தெட்டு வயசுங்க சார்" என்றாள் தங்கை. "அண்ணா, கொஞ்சம் பேசாம இரு."

இயக்குநர் ஒரு பேனாவை மூடினார், திறந்தார். "தயாரிப்புத் தரப்புல கூர்ப்பல் கேக்கறாங்க. கடைசி மூணு பகுதிக்காவது கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை கதவுக் காட்சி இருக்கு, அந்தம்மா கடைசியா அவரை உள்ள கூப்பிடற இடம். அன்னிக்குக் கூர்ப்பல்லோட வாங்க. அது முடியட்டும், அதுக்கப்புறம் நீங்க இருக்கறதா இல்லையான்னு பேசிக்கலாம்."

வெளியே வந்து இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பல்செட்காரர் மன்னிப்புக் கேட்கப் பல வாக்கியங்களை யோசித்தார். எல்லாமே ஒன்பது பத்திக்குப் போயின. கடைசியில், "கூரா செஞ்சு தந்துடறேன்" என்று மட்டும் சொன்னார்.

செய்தார். புதன்கிழமை மதியத்துக்குள் ஊசி மாதிரி இரண்டு கோரைப்பற்கள் தயாராகிவிட்டன. மேசையில் வைத்துப் பார்த்தபோது அவருக்கே பாவமாக இருந்தது. பளபளவென்று, எந்த உணவையும் எந்தக் கவலையையும் மென்றறியாத பற்கள். பொம்மைக் கடையில் கயிற்றில் தொங்கலாம்.

தங்கை மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பேசியில் கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அவள் அங்கேதான் இருந்தாள்.

"இதைக் கேளுண்ணா. 'சாகாமல் இருப்பது வரம் என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். அந்தப் பல்லைப் பார்த்த பிறகு இந்த மனிதனுக்கு யாராவது விடுதலை கொடுங்கள் என்று தோன்றியது.'"

"நல்லா எழுதியிருக்காங்க."

"அடுத்தவரு எழுதியிருக்காரு, 'பாவப்படுவதற்கு நான் எதற்குக் காட்டேரித் தொடர் பார்க்க வேண்டும்? அதற்குத்தான் வீட்டில் கண்ணாடி இருக்கிறதே.'"

"இவரும் நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்று பல்செட்காரர் ஒப்புக்கொண்டார். தன் கட்சிக்கு எதிராக ஒருவர் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

தங்கை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் பார்க்காம வாங்கலண்ணா. டப்பாவைத் திறந்த அன்னிக்கே முனை மழுங்கியிருக்கறதைப் பார்த்தேன். என்னமோ வித்தியாசமா இருக்குன்னு தோணுச்சு. இது நல்லதா கெட்டதான்னு முடிவு பண்ண பயந்து, பார்க்காத மாதிரி மூடிட்டேன். பன்னெண்டு வருஷமா யாராவது சொல்வாங்க, நான் செய்வேன். சொல்றதுக்கு மேல யாரும் இல்லைன்னதும் டப்பாவை மூடத்தான் தெரிஞ்சுது. டைரக்டர்கிட்ட சொன்ன பொய்யைவிட அதுதான் பெரிய பொய்."

பல்செட்காரருக்கு எழுந்து போய் அவள் தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது. கை முழுக்க மாவு. அதனால், "டீ குடிக்கறியா?" என்று கேட்டார்.

அவள் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. பழைய பல்லையும் புதிய பல்லையும் இரண்டு கையிலும் எடுத்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"பல்லு தேயும், சரி. உடையாதா?"

"ஏன் உடையாது? வயசான பல்லு தேயறதைவிட உடையறதுதான் அதிகம். ஓரம் சில்லு பேந்துபோகும்."

"உடைஞ்ச இடம் எப்படி இருக்கும்? மழுங்கலாவா?"

"மழுங்கலாவா? பிளேடு மாதிரி இருக்கும். முந்தாநேத்துகூட முன்பக்க ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரியம்மா நாக்கைக் கிழிச்சுக்கிட்டு வந்தாங்க. எல்லாம் அவங்க சொந்தப் பல்லுதான்."

தங்கை மெதுவாகப் பேசினாள், ஒவ்வொரு சொல்லையும் போட்டுப் பார்த்துவிட்டு எடுப்பதுபோல. "அப்போ பழைய நிறம், பழைய தேய்மானம். அது ரெண்டும் இருக்கட்டும். ஒரு பல்லு மட்டும் உடைஞ்சிருக்கட்டும். அத்தனை வருஷமா எதையோ கடிச்சுக் கடிச்சு உடைஞ்சுபோன பல்லு. பார்த்தா பாவமாவும் இருக்கும், பக்கத்துல போகவும் முடியாது."

"கூர்ப்பல்னு கேட்டிருக்காங்கம்மா."

"நான் இதைக் கேக்கறேன்."

பல்செட்காரர் அரத்தை எடுத்தார். எடுத்த கை இடது கோரைப்பல்லை நோக்கித் தானாகப் போனது. மெல்லுகிற பக்கம்தான் உடையும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பாதியில் கை நின்றது. இந்தக் கை தானாகச் செய்த வேலையால்தான் இந்தப் பாடு.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் யாரிடமும் கேட்காத கேள்வி.

அவள் கண்ணை மூடி, காற்றில் ஒரு கதவைத் திறந்து பார்த்தாள். "வலது. அந்தம்மா கதவைத் திறந்தா வெளிச்சம் வலப்பக்கத்துலேருந்துதான் அவரு முகத்துல விழும்."

இடம் என்று சொல்வதற்காகத் திறந்த வாயைப் பல்செட்காரர் மூடிக்கொண்டு, வலதை உடைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை படப்பிடிப்புத் தளத்தில், மரத்தில் செய்த ஏழாவது மாடியில், பிரபு புதுப் பல்லை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். நாக்கால் உடைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் குத்துதே" என்றார்.

"குத்தட்டும் சார்" என்றாள் தங்கை. "நாக்கு அங்க போய்ப் போய் வரும்ல, அதை மறைக்காதீங்க."

இயக்குநர் வந்து குனிந்து பார்த்தார். "நான் கேட்டது இது இல்லையே."

"இல்லைங்க சார். கூர்ப்பல்லும் தயாரா இருக்கு, இதோ இந்த டப்பாவுல. நீங்க சொன்னா ரெண்டு நிமிஷத்துல மாத்திடறேன். ஆனா ஒரு தடவை இதோட எடுத்துப் பாருங்க." அவள் டப்பாவை மேசையில் வைத்தாள். "இது என் முடிவு. அன்னிக்குச் சொன்னது பொய். இது பொய் இல்ல. சரியா வரலைன்னா நான்தான் பதில் சொல்லணும்."

இயக்குநர் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். பல்செட்காரர் ஒரு மூலையில், கம்பிச் சுருள்களுக்கு நடுவே நின்றுகொண்டார். தன் இதயத்துடிப்பு ஒலிப்பதிவில் விழுந்துவிடுமோ என்று அவருக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மாவாக நடித்த பெண் கையில் துணியோடு நின்றாள். உள்ளேயிருந்து வந்த விளக்கு வெளிச்சம் பிரபுவின் முகத்தில் விழுந்தது. "எத்தனை நாளா நிப்பீங்க, உள்ள வாங்க" என்று அவள் சொன்னாள். நானூறு வருடமாக யாரும் சொல்லாத வார்த்தையைக் கேட்ட பிரபு சிரித்தார். வலப்பக்கம் உடைந்த பல் பளிச்சென்று வெளிச்சத்தைப் பிடித்தது. நாக்கு அதை ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்பியது. அந்தப் பெண் அரை அடி பின்னால் நகர்ந்தாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நகர்ந்தவள், பிறகு என்ன தோன்றியதோ, கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள்.

இயக்குநர் நிறுத்தச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வலது?"

"வெளிச்சம் அங்கேருந்து வருதுங்க சார்."

"ம்." அவர் மறுபடியும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். "இதைத் தயாரிப்புத் தரப்புல எல்லாரும் ஒத்துப்பாங்கன்னு சொல்ல முடியாது. நான் பேசறேன். கேட்டா நீங்களும் வந்து பேசணும்."

"பேசறேன் சார்."

"திங்கட்கிழமை அடுத்த பகுதிக்கான வேலை. எட்டு மணிக்கெல்லாம் வந்துடுங்க."

தங்கை தலையாட்டினாள். இயக்குநர் எழுந்து நடந்தவர், கம்பிச் சுருள்களுக்கு நடுவே நிற்பவரைப் பார்த்துவிட்டு நின்றார்.

"நீங்க சொல்லுங்க. தொழில் தெரிஞ்சவரு. உங்க கருத்து என்ன?"

இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து பல்செட்காரரிடம் ஒருவர் நேருக்கு நேர் கருத்துக் கேட்பது இதுதான் முதல் முறை. இடப்பக்கம் மெல்லுகிறவருக்கு வலப்பக்கம் எப்படி உடையும் என்ற விஷயம் நாக்கின் நுனிவரை வந்து, செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது. அவர் தங்கையைப் பார்த்தார். அவள் பிரபுவின் தாடையைப் பிடித்து, உதட்டோரத்தில் ஒட்டியிருந்த சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் துடைக்கிற கை நின்றிருந்தது.

"அவங்க சொன்னாங்க, நான் செஞ்சேன்" என்றார் பல்செட்காரர். "அவங்களையே கேளுங்க."